பெரிய திரையில் வக்கீல் அத்தை

டிவியை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, டாக்டர். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. மெல்லிய, உலர்ந்த துணி வேண்டும். மேலிருந்து கீழாக, கை அழுந்தாமல், ஒரே சீராகத் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. ஒருநாளும் தவறவிட்டதில்லை.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். என் வீட்டுக்காரருக்குச் சொட்டு மருந்து விட்டு அடுத்த அறையில் கண்ணை மூடி உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டீர்கள். பலகையின் கடைசி வரிப் பொடி எழுத்தைக்கூடத் தடுக்காமல் வாசிக்கிறார், புரை என்று பார்த்தால் கடுகளவு, அதற்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் வீட்டில் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற டிவி தெரியவில்லை, ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறார், வீட்டில் என்னம்மா நடக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

அவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவருடைய பட்டறையில் அதை வைத்துப் பல் கட்டுவார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் அவருடைய பல்லால்தான் சிரிக்கிறார்கள். வேலை மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில், ஜன்னல் வெளிச்சம் கையில் விழும்படி, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு சின்ன மோட்டாரால் பல்லுக்குப் பளபளப்பு ஏற்றுவார். அந்த மோட்டார் ஓடும்போது டிவியில் இடி விழுந்தாலும் கேட்காது. பல வருடம் அதைக் கேட்டுக் கேட்டு அவர் காதும் கொஞ்சம் மந்தம்தான். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்களிடம் இருந்தது பழைய, சின்ன டிவி. நான் சோபாவில் உட்கார்ந்து தொடர் பார்ப்பேன். விளம்பரம் வந்ததும் அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்பார்.

"என்ன ஆச்சு?"

நான் சொல்லுவேன். அது எங்கள் பழக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேச்சென்று பார்த்தால், ஒரு நாளில் எங்களுக்குள் நடந்த பேச்சில் முக்கால்வாசி இதுதான்.

அந்தத் தொடரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பெரிய குடும்பம். மூத்த மருமகள் மாடிப்படியில் விழுந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். சுற்றி நின்று எல்லோரும் அழுகிறார்கள். அடுத்த நாளும் அழுகிறார்கள். நான் எத்தனை நாள் அழுகையை மாற்றி மாற்றிச் சொல்ல முடியும்? இன்று மாமியார் அழுதாள், இன்று கொழுந்தன் அழுதான் என்றால் அவர் மோட்டாரைப் போட்டுவிடுவார்.

ஒருநாள் கேஸ் அடுப்பு பழுது பார்க்க ஆள் வந்திருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர், "அவளுக்கு ஒண்ணும் தெரியாது, என்கிட்ட சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கும் கோபம் வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவர் "என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, என் வாயிலிருந்து நான் நினைக்காத ஒன்று வந்தது.

"இன்னைக்கு ஒரு அத்தை வந்திருக்காங்க. வக்கீலாம்."

"அட. என்ன சொன்னாங்க?"

"பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறியே, உன் வீட்ல சர்க்கரை டப்பா எதுன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டாங்க."

அவர் சிரித்தார். மேசை அதிரச் சிரித்தார். எழுந்து போய்ச் சமையலறையில் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. மறுநாள் காலை தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார்.

அத்தை அப்படித்தான் பிறந்தாள், டாக்டர். திட்டமென்று ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவளை அனுப்ப மனம் வரவில்லை. தினமும் வந்தாள். யாருக்கும் பயப்படமாட்டாள். குரலை உயர்த்தமாட்டாள். வார்த்தை மட்டும் ஊசி. "பேசாம இருக்கிறவகிட்ட கேஸ் இல்லைன்னு நினைக்காதே, இன்னும் மனு போடலை, அவ்வளவுதான்" என்று ஒருநாள் சொன்னாள். இவர் மோட்டாரை நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்தார். "என்ன பொம்பளை" என்றார், பல்லை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. பிறகு என் பக்கம் பாதி திரும்பி, "நீயும் இருக்கியே. கூடவே உட்கார்ந்து பார்க்கிற, ஒரு சொல்லாவது ஒட்டிச்சா?" என்றார்.

சொல்ல வேண்டியதை அத்தை மறுநாள் சொல்லிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

பட்டறை முதலாளி இவரை மூலையில், காற்று வராத இடத்தில் உட்கார வைத்திருந்தார். அத்தை ஒருநாள், "வாயை மூடியே வச்சிருந்தா பல்லு பத்திரமா இருக்கும், உடம்பு பத்திரமா இருக்காது" என்றாள். இவர் அதை அப்படியே முதலாளியிடம் போய்ச் சொன்னார். மறுவாரம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இவரைச் சுற்றி உட்கார்ந்து, "நேத்து அத்தை என்னண்ணே சொன்னாங்க?" என்று கேட்பார்களாம். தொடர் பார்க்கிற பெண்கள் யாரும் அங்கே வேலை செய்யவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

பிறகு பட்டறைக்குப் பளபளப்பு ஏற்ற ஒரு பெரிய இயந்திரம் வாங்கினார்கள். வீட்டு வேலை நின்றுவிட்டது. முதல் நாள் வெறுங்கையோடு வந்து, மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று மின்சாரம் இல்லை, பிழைத்தேன்.

"இத்தனை வருஷம் முதுகாலேயே பார்த்தேன்" என்றார். "அத்தை முகத்தை ஒரு தடவை பார்க்கணும்மா. இந்தத் தீப்பெட்டியில இல்ல. பெரிசா. நல்லா பெரிசா."

நான் அன்றே அத்தையை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். நேர்மையாகத்தான் முயன்றேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "நேத்தே சொல்ல விட்டுப்போச்சு, அவங்க வெளிநாட்டுல பெரிய கோர்ட்டுக்குப் போயிட்டாங்க, இனிமே வரமாட்டாங்க" என்றேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பட்டறையிலிருந்து ஒருவர் போன் செய்து, "அக்கா, அத்தை நிஜமாவே போயிட்டாங்களா?" என்று என்னையே கேட்டார். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அன்று மாலை அத்தையின் விமானத்தைத் திருப்பினேன்.

பெரிய டிவி வரும்வரை பார்ப்பதில்லை என்று அவர் திரைக்கு முதுகைக் காட்டியே கேட்டார். அந்த வார இறுதியில் கடைக்குப் போனோம். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே பெண் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல இலை மேல இருக்கிற பனித்துளிகூடத் தெரியும் சார்" என்றார் விற்பனையாளர்.

"பனியை வச்சு நான் என்ன செய்ய? பல்லு தெரியுமா?"

"பல்லு என்ன சார், பல்லிடுக்குல மாட்டினது என்னன்னே தெரியும்."

இவர் திரைக்கு அருகில் போய்க் குனிந்தார். "இந்தப் பொண்ணுக்கு மேல் வரிசையில முன்னாடி ரெண்டும் கட்டின பல்லு. நல்ல கை. யார் செஞ்சதுன்னு தெரியலை."

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். நான் மெதுவாகக் கேட்டேன்: "இவ்வளவு தெளிவா வேண்டாம். கொஞ்சம் மங்கலா தெரியிற மாதிரி ஏதாவது இருக்கா?"

"மேடம், கடை திறந்ததுலேர்ந்து இப்படி ஒருத்தர் கேட்டதில்லை."

இருக்கிறதிலேயே பெரியதை வாங்கினார். வீட்டுக் கதவில் நுழையாமல் பெட்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, செருப்பு அலமாரியை வெளியே எடுத்து வைத்து, ஒருவழியாக உள்ளே கொண்டு வந்தார்கள். மாட்ட வந்தவர் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். துளை போட்டபோது சோபா, மேசை, என் தலை எல்லாம் வெள்ளைத் தூள். பிறகு இவரைச் சோபாவில் உட்காரச் சொல்லிக் கண்ணுக்கு நேராகச் சுவரில் கோடு போட்டார்.

"சாருக்கு இதுதான் மட்டம். மேடத்துக்கு இன்னும் கொஞ்சம் இறக்கணும். நடுவுல வைக்கட்டுமா?"

"எனக்கே வைப்பா" என்றார் இவர். "அவ இத்தனை நாள் பார்த்தாச்சு. இனிமே நான் பார்க்கணும்."

மாட்டிவிட்டுப் போகும்போது அந்த மனிதர் ஒரு மெல்லிய துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதால மட்டும் துடைங்க மேடம். எண்ணெய்க் கை படவே கூடாது. பட்டா படம் மங்கலாயிடும், துடைக்கத் துடைக்க இன்னும் பரவும்."

பார்த்தீர்களா டாக்டர், நானாக யோசித்ததில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"நீயே துடை. என் கை முரடு" என்றார் இவரும். ஆக இருவருடைய சம்மதமும் இருந்தது.

சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரத்தில் உதட்டு வெடிப்புக்குப் போடுகிற களிம்பைத் துணியில் துளி தொட்டு, மேலிருந்து கீழாக, கை அழுந்தாமல், ஒரே சீராகத் துடைத்தேன். திரை அணைந்திருக்கும்போது பளபளப்பு தெரியக் கூடாது என்பதற்காக ஒரு உறை தைத்து மாட்டினேன். தூசிக்கு என்று சொன்னேன். தூசியும் உண்மைதான். சத்தத்தையும் குறைத்தேன், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, சுவர் ஒன்றுதான் என்றேன். கைக்குழந்தையும் உண்மைதான்.

அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அந்தத் தலை இவ்வளவு படிந்திருக்கவில்லை. சோபாவின் நடுவில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். உறையை எடுத்து டிவியைப் போட்டேன். கொதிக்கிற பானையின் ஆவிக்குப் பின்னால் நிற்பவர்கள் மாதிரி எல்லோரும் அசைந்தார்கள்.

"என்னம்மா, புகையா இருக்கு?"

"கதையில இன்னைக்குப் பனிமூட்டம்ங்க."

"அத்தை எங்கே?"

"அதோ. இடது ஓரமா, வெள்ளையா நிக்கிறாங்களே."

அவர் முன்னால் சாய்ந்தார். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "என்ன உயரம்" என்றார். "நிக்கிற நிலையைப் பாரு. இத்தனை பேர் அழறாங்க, அவங்க மட்டும் ஆடலை, அசங்கலை."

அது ஒரு ஃபிரிட்ஜ்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, டாக்டர். என்னை அவர் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை, ஃபிரிட்ஜைப் பார்த்தார். ஆனால் அந்த ஃபிரிட்ஜ் என்ன பேசியது என்று சொல்ல நான்தானே வேண்டும்? அதை நினைத்துத் தேற்றிக்கொண்டேன். அன்று அத்தை நிறையப் பேசினாள்.

நாட்கள் நன்றாகத்தான் போயின. சில நாள் அத்தை திரைச்சீலையாக இருந்தாள், சில நாள் தூணாக. ஒருநாள் உண்மையிலேயே ஒரு பெண்ணாக இருந்தாள், அவள் நர்ஸ். இடையில் இவருடைய அக்கா வந்தார். அடுத்த தெருதான். அவரும் அந்தத் தொடரைத் தன் வீட்டில் பார்க்கிறவர்.

"ஏன்டா தம்பி, இவ்வளவு பெரிய டிவி வாங்கி, உள்ளே என்ன சாம்பிராணியா போட்டு வச்சிருக்கே?"

"அதை விடுக்கா. அத்தை நேத்து ஜட்ஜையே மடக்கினாங்களே, பார்த்தியா?"

"எந்த அத்தை?"

"வக்கீல் அத்தை."

"இந்தக் கதையில அத்தையும் இல்லை, கித்தையும் இல்லை. மூத்தவ கட்டில்ல கிடக்கா, மிச்சப் பேர் சுத்தி நின்னு மூக்கைச் சிந்தறாங்க. நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா பார்க்கிறேன்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவிடம் அன்பாகச் சொன்னேன்: "அண்ணி, வந்ததுலேர்ந்து கண்ணாடியைத் தேடறீங்களே, உங்க தலைமேலதான் இருக்கு."

வேறொன்றும் சொல்லவில்லை. அது உண்மையாகவே தலைமேல்தான் இருந்தது. அண்ணி போனபின், "வயசாகுதுங்க, பாவம். நானா சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றேன். அவர் அக்காவை மறதி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அதில் ஒன்றும் கெடுதல் இல்லை. அந்த வயதில் பார்த்துக்கொள்வது நல்லதுதான். இப்போது தினமும் ஒரு மாத்திரை, தலைகீழாக எண்ணுகிற பயிற்சி. நல்ல முன்னேற்றம். போன வாரம் அவரே போன் செய்து, "அந்த அத்தை எனக்கும் லேசா ஞாபகம் வருதும்மா. உயரமா இருப்பாளே?" என்றார்.

பிறகுதான் சங்கடம் வந்தது. மங்கல் தாங்காமல் இவர் கம்பெனிக்கு போன் போட்டு ஆளை வரவழைக்கிறேன் என்று கிளம்பினார். ஆள் வந்து திரையில் விரலை வைத்தால் என்ன ஆகும்? அன்று சாயங்காலம் அத்தை கதையில் வருகிற தன் தம்பியைப் பார்த்து, "குறை எல்லாம் வெளியிலேயே தேடறியே, பார்க்கிற கண்ணைப் பத்தி ஒரு நாளாவது சந்தேகப்பட்டியா?" என்று கேட்டாள். இவர் போனைக் கீழே வைத்தார். மறுநாள் உங்களிடம் வந்தார்.

அவர் விடாததால் நீங்களும் பேருக்கு ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தீர்கள். அதைப் போட்டுக்கொண்டு ஆசையாக வந்து உட்கார்ந்த அன்று களிம்பு ஒரு விரல் கூடிப்போயிற்று. கை தவறி இல்லை. அந்தக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கண்ணு போகுதும்மா" என்றார். குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். தொடர் முடிகிறவரை விடவில்லை. அவர் கை முரடுதான். ஆனால் சூடாக இருந்தது.

ஆபரேஷன் யோசனை அவருடையதில்லை. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. மறுநாள் அத்தை, "கத்திக்குப் பயந்தவன் இருட்டுக்கு வாடகை கட்டணும்" என்று சொன்னாள். ஏன் சொல்ல வைத்தேன் என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் கட்டு இருக்கும் என்று கேள்விப்பட்டேன். கட்டு இருந்தால் டிவி பார்க்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். பழைய மாதிரி, மோட்டார் மட்டும் இல்லாமல். நான் யோசித்ததெல்லாம் அவருடைய நிம்மதியைத்தான்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்கிறீர்கள். நீங்கள் படித்தவர், சுலபமாகச் சொல்கிறீர்கள். சொன்னால் அத்தை செத்துப்போவாள். ஒரு பட்டறையே துக்கம் காக்கும். அண்ணிக்கு மறதி மறுபடி வந்துவிடும். அதோடு அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இதெல்லாம் நீ பேசினதா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய திரையில் பார்க்கிற மாதிரி அவர் என் முகத்தைப் பார்ப்பார். அதற்கு நான் தயாராக இல்லை.

ஆகவே நீங்கள் ஆபரேஷனைச் செய்துவிடுங்கள். கடுகளவானாலும் புரை புரைதானே. கட்டுப் பிரித்த பிறகு, எல்லாம் தெரியும், டிவி மட்டும் தெரியாது, அது நரம்பு சம்பந்தப்பட்டது என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லக் கேட்டால் போதும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இல்லை, டாக்டர், அதை நானே வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாது. நான் சொல்லி இத்தனை வருடத்தில் அவர் எதைக் கேட்டிருக்கிறார்?